ஐஸ் பெட்டியில் விளைந்த உப்பு

பலராமனின் அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி தொங்கும். பீரோ சாவி என்று நினைப்பவர்கள் மரக்காணத்துக்குப் புதியவர்கள். அது ஐஸ் பெட்டியின் சாவி. குளிக்கும்போதுகூட அவர் அதை அவிழ்த்ததில்லை. உப்பளத்தில் மூட்டை எடைபோட்டு லாரி ஏற்றும் மேஸ்திரிக்கு உடம்பில் உப்பு படியாத நேரம் ஏது? சாவி துருப்பிடித்து இடுப்பின் வலப்பக்கம் காவி நிறத்தில் ஒரு கறையை உண்டாக்கியிருந்தது. சொத்துக்காரன் மோதிரத்தைத் தடவுவதுபோல, பேச்சின் நடுவே அவர் அந்த இடத்தைத் தடவிக்கொள்வார்.

பெட்டி வந்த கதை ஊருக்கே மனப்பாடம். அவரே சொல்லிச் சொல்லி ஏற்றிய பாடம் அது. குயிலாப்பாளையம் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்கள் நாட்டுக்குத் திரும்புமுன் வீட்டுச் சாமான்களை வந்த விலைக்குத் தள்ளினார்கள். உப்பு லாரியில் அந்த வழியாக வந்த பலராமன் ஒரு நாற்காலி வாங்கலாம் என்று இறங்கினார். நாற்காலி அதற்குள் போய்விட்டிருந்தது. வெறுங்கையோடு வீடு திரும்பக் கௌரவம் இடம் கொடுக்காததால் ஃப்ரிஜ்ஜை ஏற்றிக்கொண்டு வந்தார். எழுபதாம் வருஷம் அது. அவர் தெருவில் பாதி வீடுகளுக்கு அப்போது கரண்ட்டே வரவில்லை.

"ஜெர்மன் மிஷின்!" என்றார், லாரியிலிருந்து இறக்கும்போதே. "நமக்கு அப்பறம் நம்ம புள்ளைங்க, அதுங்களுக்கு அப்பறம் அதுங்க புள்ளைங்க. இதுக்குக் கேடே கெடையாது."

உண்மையில் அது எந்த நாட்டுச் சரக்கு என்று யாருக்கும் தெரியாது. பெட்டியின் நெற்றியில் இருந்த எழுத்துகளில் பாதி அப்போதே உதிர்ந்துவிட்டன. மிச்சமிருந்த எழுத்துகளை வைத்து ஜெர்மனி என்று முடிவு கட்டியவர் பலராமன்தான்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. அடுக்களையில் என்றாள் சாமுண்டீஸ்வரி. "அடுப்படியில வச்சா யாருக்குத் தெரியும்?" என்றார் பலராமன். மோரும் மாவும் வைக்கிற பெட்டி யாருக்குத் தெரிய வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் ஆட்களுக்குக் கூடத்துப் பக்கம் கைகாட்டினார். பெட்டி கூடத்தில், வாசலுக்கு நேரே, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி நின்றது. மேலே ஒரு தலையாட்டிப் பொம்மை. மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் பெட்டி ஒருதரம் உடம்பை உதறும். பொம்மை தலையை ஆட்டும். பலராமன் எதைச் சொன்னாலும் அவருக்குப் பின்னால் அது ஆமாம் போட்டுக்கொண்டிருந்தது. மனுஷர் அதற்கு நன்றாகவே பழகிவிட்டார்.

எதிர்வீட்டில் தனக்கோடி டீச்சர். ஆரம்பப் பள்ளிக்கூடத்து ஆசிரியை; தனிக்கட்டை; சர்க்கரை வியாதிக்காரர். தினம் காலையில் கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து, தன் தொடையில் தானே இன்சுலின் குத்திக்கொள்வார். மருந்துச் சீசாவைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். அதற்கு அவரிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு பெரிய பானை நிறைய ஈர மணல், மணலுக்குள் சின்னக் கலயம், கலயத்துக்குள் சீசா. மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். மருந்து ஒருநாளும் கெட்டதில்லை.

இதைப் பார்த்துப் பலராமனுக்கு மனசு கேட்கவில்லை. மனசு என்றுதான் அவர் சொன்னார்.

"இன்னா டீச்சர், உயிர் காக்கிற மருந்தை மண்ணுல பொதைச்சு வச்சிருக்கீங்க? எதிர்ல ஜெர்மன் மிஷின் நிக்குது. நாளைக்கு ஊரு என்னையில்ல கேக்கும்?"

"என் பானைக்கு இன்னாப்பா கேடு வந்துச்சு?"

"வேணாம் டீச்சர். பாக்கவே நல்லா இல்ல."

அரித்து அரித்து டீச்சரை இணங்க வைத்தார். பானை முருங்கை மரத்தடிக்குப் போய்க் காக்கைகளின் தண்ணீர்த் தொட்டியாயிற்று. அன்றிலிருந்து தினம் காலையில் டீச்சர் வருவார். பலராமன் இடுப்புச் சாவியால் பெட்டியைத் திறந்து, சீசாவை ஒரு பித்தளைத் தட்டில் வைத்து, கோயிலில் விபூதி கொடுப்பதுபோல நீட்டுவார். தெரு பார்க்கும். ஊசி போட்ட பிறகு சீசா மறுபடி தட்டிலேறித் திரும்பி வரும். அதையும் தெரு பார்க்கும்.

எழுபத்து நாலாம் வருஷம் சித்திரை. அளத்தில் உப்பு வாரும் பருவம். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வருமுன் காய்ந்துவிடும் வெயில். ஒருநாள் காலை பொம்மை தலையாட்டவில்லை. பலராமன் காத்திருந்து பார்த்தார். பெட்டியைத் தட்டினார், முதுகில் ஒரு குத்து விட்டார், "டேய்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது. அந்த விளக்கும் அணைந்திருந்தால் விஷயம் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்திருக்கும். பலராமனும் பிழைத்திருப்பார். ஆனால் அது எரிந்தது. பெட்டி ஓடவில்லை என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

புதுச்சேரியிலிருந்து அந்தோணிசாமி என்ற மெக்கானிக்கை வரவழைத்தார். ஸ்பேனர் பையை எடுத்து வரக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அந்த மனிதர் இரண்டு ஸ்பேனர்களை வாழைப்பழச் சீப்புக்கு அடியில் வைத்து எடுத்துவந்தார்.

"யாரு பலராமா, புதுசா இருக்குது?" என்று எதிர்வாசலிலிருந்து டீச்சர் கேட்டார்.

"நம்ம சாமுண்டியோட பெரியப்பா மவன் டீச்சர். விருந்தாட வந்திருக்குது."

டீச்சர் விருந்தாளியின் கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார். "அப்படியா. பெரியப்பா எப்ப வேதத்துல சேர்ந்தாரு?"

பலராமன் காதில் விழாததுபோல உள்ளே போய்விட்டார்.

அந்தோணிசாமி பெட்டியின் முதுகுப்பக்கம் உட்கார்ந்து முகர்ந்தார், தட்டினார், ஒரு வாழைப்பழம் தின்றார். "கம்ப்ரஸர் மண்டையைப் போட்டுடுச்சிங்க. கடைக்கு எடுத்தாந்தீங்கன்னா வேற போட்டு கேஸ் அடிச்சுத் தரேன். ஓடும். இல்லன்னா இதைத் தலைமுழுகிட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துடுங்க."

"இங்கயே வச்சு பண்ண முடியாதா?"

"எப்படிங்க முடியும்? இது குளிர்ச்சி உண்டு பண்ற மிஷின் இல்ல. உள்ள கெடக்கிற சூட்டைப் புடிச்சு முதுகு வழியா வெளிய தள்ளுற பம்பு. அந்தப் பம்பே போயிட்டுது. கடையில போட்டு முழுசாப் பிரிக்கணும்."

"ஜெர்மன் மிஷின் எப்படிங்க கெடும்?"

"ஜெர்மனியில மரக்காணத்துக் காத்து அடிக்காதே," என்றார் அந்தோணிசாமி. "உங்க ஊர்க் காத்து இரும்பை முறுக்கு மாதிரி தின்னுது. நான் வேற போட்டாலும் நாலு வருஷம் ஓடலாம், நாலு மாசத்துலயும் நிக்கலாம். புதுசுக்கும் அதே கதைதான். ரிப்பேரா, புதுசா? நீங்கதான் சொல்லணும்."

பலராமனுக்கு இரண்டிலுமே ஒரே சங்கடம். ரிப்பேர் என்றால் பெட்டி பட்டப்பகலில் வண்டியேறித் தெருவழியே போக வேண்டும். புதுசு என்றால் புதுசு வரும் நாளில், கேடே இல்லாத பழசு என்னவாயிற்று என்று சொல்லியாக வேண்டும். "யோசிச்சு சொல்லியனுப்பறேன்," என்றார்.

"யோசிக்க இன்னா இருக்குது?" என்றாள் சாமுண்டீஸ்வரி, மெக்கானிக் போனதும். "கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு எடுத்துனு போங்க. யாரு வூட்லதான் எதுவும் கெடல?"

"நாலு வருஷமா நான் பேசின பேச்சு?"

"பேசினது நீங்கதான? பெட்டி பேசலியே."

இப்படிப் பேசும் பெண்டாட்டியிடம் மனுஷன் என்ன யோசனை கேட்பது! பலராமன் தனியாகவே யோசித்தார். அளத்திலிருந்து திரும்பும் வழியில் கடலோரக் குப்பத்துக்குப் போனார். அங்கே பக்கிரி என்பவன் மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் கட்டி உடைத்துக் கொடுப்பவன். அவனிடம் கோணியில் சுற்றி ஒரு கட்டி வாங்கினார்.

"எதுக்கு மேஸ்திரி ஐஸு? வூட்லதான் பெரிய மிஷின் வச்சிருக்கீங்களே?"

"மாமியாருக்கு ஜொரம்ப்பா. நெத்தியில வைக்க."

"உங்க மிஷின் ஐஸ் போடாதா?"

"அது கொஞ்சங்கொஞ்சமாத்தான் போடும். ஜொரம் ஜாஸ்தி."

ஐஸ் பெட்டிக்குள் போயிற்று. கூடவே மீன் வாடையும் போயிற்று. தினம் அந்தி சாயும்போது பலராமன் கோணியோடு வீட்டுக்குப் பின்வழியாக வந்தார். தெரு ஆட்கள் யாராவது வாசலேறினால் சாமுண்டீஸ்வரி பொம்மையின் தலையை ஒரு தட்டு தட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். புருஷனுக்காக அவள் செய்த ஒரே பொய் அதுதான். அதையும் முகத்தை ஒரு முழம் நீட்டி வைத்துக்கொண்டுதான் செய்தாள்.

மாமியாருக்குக் காய்ச்சல் விடவேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கிரி மனசு தாங்காமல் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு பார்க்க வந்துவிட்டான். மாமியார் திண்டிவனத்தில் சௌக்கியமாக முறுக்கு சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். "இப்பத்தான் கண்ணு மூடுச்சு, எழுப்ப வேணாம்," என்று பலராமன் வாசலிலேயே ரொட்டியை வாங்கிக்கொண்டார். இரவுச் சாப்பாட்டில் அதைச் சாமுண்டீஸ்வரி அவர் தட்டில் வைத்தாள். "தின்னுங்க. எங்கம்மா ஜொரத்துல சம்பாதிச்சது."

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் வெறும் ஐஸ் மறுநாள் விடிவதற்குள் தண்ணீராகிவிடும். காலையில் டீச்சர் கையை நீட்டும்போது சீசா வெதுவெதுவென்று இருக்கும். ஒருநாள் அவர் சீசாவை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "இன்னாப்பா, உன் மிஷினுக்கும் வேர்க்குதா?" என்றார். பலராமனுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

ஊரில் குச்சி ஐஸ் விற்பவன் தன் பெட்டியில் ஐஸோடு உப்பைக் கொட்டிக் கலப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். உப்பு பட்ட ஐஸ் தொட்டால் விரல் மரத்துப்போகும். அவனுக்கு உப்பு போவதே பலராமன் வேலை பார்க்கும் அளத்திலிருந்துதான். வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஒரு கைப்பிடி உப்புக்கே யோசித்திருப்பான். பலராமன் முறம் முறமாகக் கொட்டினார். மருந்துக்குக் குளிர்ச்சி நல்லது. அதிகக் குளிர்ச்சி இன்னும் நல்லது. இது அவர் கணக்கு. சீசாவை அந்த உப்பு ஐஸின் நடுவில் குஞ்சு பொரிக்க வைத்த முட்டைபோல வைத்தார்.

விடிந்து பார்த்தால் சீசாவுக்குள் மருந்து கல்லாகியிருந்தது.

எதிர்வாசல் கதவு திறக்கும் ஓசை கேட்டது. வேறு வழி தோன்றாமல் சீசாவைச் சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டார். டீச்சர் வந்து நின்றபோது அவர் இடது கையை விலாவோடு ஒட்டிவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாப்பா ஒரு மாதிரி நிக்கிற? கட்டியா?"

"ஆமாங்க டீச்சர். அக்குள்ல கட்டி."

"வெயில் சூடு. வேப்பிலை அரைச்சு பத்து போடு."

பேச்சு நீண்டது, கல் கரைந்தது. உள்ளே போய்த் தட்டில் வைத்து எடுத்து வந்தார். மருந்து பார்வைக்கு ஏறக்குறைய முன்போலத்தான் இருந்தது. குலுக்கினால் சீசா ஓரத்தில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியது. டீச்சருக்குப் பார்வை அவ்வளவு கூர்மை இல்லை. பலராமனுக்கு இருந்தது. உறைந்துபோன இன்சுலின் அப்புறம் வேலை செய்யாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்பதற்குத்தான் வழியில்லையே.

உப்பைக் குறைத்தால் சீசா மறுபடி வேர்க்கும் என்று தினமும் முறம் முறமாகவே கொட்டினார்; அதன்பின் கட்டி குணமாகவே இல்லை.

டீச்சரிடம் ஒரு நீல மருந்து இருந்தது. அதில் சில சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சினால் சர்க்கரை இல்லாதவருக்கு நீலமாகவே இருக்கும்; ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். அந்த மாதம் அது செங்கல்லாகவே வந்தது. டீச்சருக்கு நாக்கு வறண்டது. வகுப்பில் கரும்பலகை மங்கலாகத் தெரிந்தது. அவர் யாரையும் சந்தேகப்படவில்லை, தன்னைத்தான் சந்தேகப்பட்டார்.

"எனக்கு வாய் அடங்கல பலராமா," என்றார் ஒருநாள், வெட்கத்தோடு. "பள்ளிக்கூடத்துல யாரோ பொறந்தநாள்னு ஆரஞ்சு முட்டாய் குடுத்துச்சு. வாயில போட்டுக்கிட்டேன். அதுதான் இப்படி ஏத்திடுச்சு."

அன்றிலிருந்து டீச்சர் சோற்றை விட்டார். மதியம் இரண்டு வெள்ளரிப்பிஞ்சு. இரவு கேழ்வரகுக் கஞ்சி, அதுவும் அரைக் குவளை. அப்படியும் செங்கல். பட்டினி கிடந்து கன்னம் ஒட்டிப்போனது. பலராமன் அளத்துக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு எதிர்வாசலைக் கடந்தார். வீட்டில் சாமுண்டீஸ்வரி சோறு போட்டால், அந்த ஆரஞ்சு மிட்டாய் நினைவுக்கு வந்து பிசைந்த கை நின்றுவிடும். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் எழுந்தார். டீச்சர் வருவார், கட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பார், இவர் "பரவால்லிங்க" என்பார். அவ்வளவுதான். நாக்கு ஒரு பேச்சுக்காரனை அப்படிக் கைவிட்டது.

கடைசியில் டீச்சர் வகுப்பில் மயங்கி நாற்காலியோடு சாய்ந்தார். மறுநாள் புதுச்சேரிக்குப் பஸ் ஏறி டாக்டரைப் பார்த்துவிட்டு மாலையில் நேரே பலராமன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு புதுச் சீசா.

"டாக்டர் சத்தம் போட்டாரு. மருந்து பத்தலியாம். நாளையிலேர்ந்து ரெண்டு மடங்கு போட்டுக்கச் சொல்லிட்டாரு. இந்தா, உள்ள வை." பையில் கையை விட்டு இன்னொன்றையும் எடுத்தார். சின்னக் களிம்புக் குழாய். "இது உனக்கு. அக்குள் கட்டி ஆற மாட்டேங்குதுன்னு அவருகிட்ட கேட்டேன். காலையிலயும் ராத்திரியும் தடவணுமாம்."

பலராமன் ஒரு கையில் சீசாவையும் மறு கையில் களிம்பையும் வைத்துக்கொண்டு நின்றார். பட்டினி கிடக்கிற மனுஷி, பஸ்ஸில் இடிபட்டுப் போன இடத்தில், தன் உடம்பைக் காட்டிவிட்டு இவருடைய இல்லாத கட்டிக்கும் மருந்து கேட்டு வந்திருக்கிறார்.

"எனக்குக் கட்டி இல்லீங்க டீச்சர்."

"ஆறிடுச்சா?"

"வரவே இல்லீங்க." அதற்குமேல் தானாக வந்தது. "பொட்டி ஓடல. சித்திரையிலேர்ந்து ஓடல. மீன் ஐஸ் வாங்கிப் போட்டேன். உப்பும் கொட்டினேன். மருந்து கல்லாப் போச்சு. கல்லாப் போனதைத்தான் அக்குள்ல வச்சு வச்சு உங்களுக்குக் குடுத்தேன்."

இடுப்புச் சாவியால் பெட்டியைத் திறந்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. டீச்சர் குனிந்து பார்த்தார். உருகிய உப்புத் தண்ணீர் தங்கித் தங்கிக் காய்ந்து, பெட்டியின் அடித்தட்டில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஓரமெல்லாம் துரு. ஒரு சின்ன உப்புப் பாத்தி. மேஸ்திரி வீட்டுக் கூடத்திலேயே நல்ல விளைச்சல்.

டீச்சர் திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "அப்ப என் உடம்புல ஏறினது வெறும் தண்ணியா?" என்றார். பிறகு, கணக்குப் போட்டு முடித்த குரலில் சொன்னார்: "இது நல்ல மருந்து. ராத்திரி உன் உப்புல உறையாம தப்பிச்சு, நாளைக்கு இதை ரெண்டு மடங்கு குத்தியிருந்தா சர்க்கரை ஒரேயடியா இறங்கி, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடந்திருப்பேன். யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

பலராமன் பெட்டிக் கதவைச் சாத்தினார்.

"சோத்தை விட்டேனே பலராமா," என்றார் டீச்சர். "என் நாக்கைத் திட்டித் திட்டி சோத்தை விட்டேனே."

அடுக்களை வாசலில் நின்றிருந்த சாமுண்டீஸ்வரி அழுதாள். பொம்மையைத் தட்டிய கை அவளுடையதுதான்.

டீச்சர் எழுந்தார். சீசாவைத் திரும்ப வாங்கி ஈரத்துணியில் சுற்றினார். "காக்காத் தண்ணி பானையைக் கழுவிக் கொண்டாந்து வை. மணல் நீயே எடுத்தா. கடல் மணல் வேணாம், ஏரிக்கரை மணல். உன் கையால உப்புன்னாலே எனக்கு பயமா இருக்குது. காலையில முதல் பஸ்ஸு. டாக்டருகிட்ட நீ வந்து சொல்லு."

பலராமன் சொன்னார். டாக்டர் அறையில் கதவு இல்லை. வெளி பெஞ்சில் நோயாளிகள் வரிசை. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உப்பு போட்டீங்களா? ஏன், மொளவாத்தூள் தீர்ந்து போச்சா?" என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பலராமனுக்கு அந்தச் சிரிப்பைவிட அதுதான் உறுத்தியது. பழைய அளவையே டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெளிச்சத்தில், பெட்டி கட்டை வண்டியேறியது. மேலே கோணியைப் போர்த்தலாமா என்று கேட்ட வண்டிக்காரனிடம் வேண்டாம் என்றார் பலராமன். லாரி நிற்கும் முனைவரை தெருவின் ஒவ்வொரு வாசலும் கேட்டது. முதல் வீட்டில், "இந்தக் காத்து இருக்குது பாருங்க, அது இரும்பை..." என்று ஆரம்பித்தார். அடுத்த வீட்டில், "கம்ப்ரஸர்னு ஒண்ணு இருக்குதுங்க..." என்றார். போகப் போகப் பேச்சு சுருங்கியது. தெருக்கோடியில் மீன் கூடையோடு வந்த பக்கிரி, "இன்னாச்சு மேஸ்திரி?" என்றபோது, "கெட்டுப்போச்சுப்பா," என்றார்.

"அப்ப மாமியாரு?"

"அது நல்லா இருக்குது."

பக்கிரி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "ரொட்டியை யாரு துன்னது?" என்று மட்டும் கேட்டான்.

கடையில் பெட்டியைத் திறந்த அந்தோணிசாமி ஒரு விரலால் அடியைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஏங்க, இது ஃப்ரிஜ்ஜா, அளமா? அன்னிக்கே கொண்டாந்திருந்தா கம்ப்ரஸரோட போயிருக்கும். இப்ப அடித்தகடே அரிச்சுப்போச்சு. தகடு வெட்டிப் பத்த வைக்கணும். உங்க மிஷினைக் காத்து தின்னல, நீங்கதான் தின்னுருக்கீங்க." கையைத் துடைத்துக்கொண்டு பழைய கேள்வியையே கேட்டார். "ரிப்பேரா, புதுசா?"

புதுசு என்பதுதான் பலராமனின் நாக்கு நுனியில் இருந்தது. மடிப்புக் கலையாத அட்டைப்பெட்டியில் புதுசு வந்திறங்கினால் ஊர் பழசை மறந்துவிடும். எந்த நாட்டு மிஷின் நல்லது என்று கேட்கக்கூட வாயெடுத்தார். அப்போது, லாரியிலிருந்து அதை இறக்கும்போது தெருவில் நின்று சொல்லப் போகும் வாக்கியம் மனசுக்குள் தானாகவே தயாராகிக்கொண்டிருப்பது அவருக்குக் கேட்டது. பாதி முடிந்தேவிட்டது. "அமெரிக்கா சரக்கு..." என்று ஆரம்பித்திருந்தது. அவர் காது சுட்டது.

"ரிப்பேரே பண்ணிடுங்க," என்றார்.

"பத்த வச்ச எடத்துக்கு இந்தக் கலர் கெடைக்காது. லாரிக்கு அடிக்கிற பச்சைதான் இருக்குது. அசிங்கமாத் தெரியும்."

"பச்சையே அடிங்க," என்றாள் கூட வந்திருந்த சாமுண்டீஸ்வரி.

பெட்டி திரும்பி வந்து அடுக்களையில் நின்றது, வெள்ளை உடம்பும் பச்சைக் காலுமாக. கடையில் பிரிக்கும்போது பூட்டு உடைந்துவிட்டது. பலராமன் வேறு போடச் சொல்லவில்லை. இடுப்பில் சாவி போன இடத்தில் கறை மட்டும் மிச்சம். பொம்மையை யாரோ பரணில் ஏற்றிவிட்டார்கள்.

ஓடுகிறது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே தெருவுக்குத் தெரிந்தது. முன்பு மோர்க் குவளையும் மல்லிகைச் சரமும் கொண்டுவந்து வைத்தவர்கள் இப்போது வாசலோடு நின்று, "வேணாங்க, இருக்கட்டுங்க," என்று ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதை அவரைப் பிடுங்கித் தின்றது. பெட்டிக்குள் ஒரே ஒரு தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதையும் அவர் குடிப்பதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு மாலை டீச்சர் வந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. கையில் ஒரு தூக்குப் பாத்திரம். இத்தனை நாளாகத் தெருவில் பார்த்தால் தலையசைப்பார், பேசியதில்லை.

"உள்ள எடம் இருக்குதா?"

பலராமன் அவசரமாகக் கதவைத் திறந்துவிட்டார். டீச்சர் தூக்கை உள்ளே வைத்தார். இட்லி மாவு.

"மருந்து..." என்று ஆரம்பித்துவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டார் பலராமன்.

"அது பானையிலயே இருக்கட்டும். மாவு கெட்டா தோசை ஊத்திக்கலாம். நான் கெட்டா பாலுதான் ஊத்தணும்."

சாமுண்டீஸ்வரி திடுக்கிட்டாள். பலராமன் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் அவருடைய குனிந்த தலையைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, "களிம்பை என்னா பண்ணின?" என்று கேட்டார்.

"வச்சிருக்கேங்க."

"வச்சிரு. நெஜமாவே கட்டி வந்தா ஆவும்."

விடிந்ததும் பலராமன் தூக்கை எடுத்துக்கொண்டு தானே எதிர்வீட்டுக்குப் போனார். டீச்சர் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் முகர்ந்தார். பலராமன் பரீட்சைப் பேப்பருக்கு நிற்பவர்போலப் படியில் நின்றார்.

"ம்," என்றார் டீச்சர்.

அந்த "ம்"மைப் பற்றி அவர் அளத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பாட்டு வேளையில் வாய்வரை வந்தது. உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து, இடுப்பில் சாவி இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே, விழுங்கிவிட்டார்.